சோழிங்கநல்லூரும் கூத்தாநல்லூரும்

தமிழ்நாட்டில் ‘நல்லூர்’ என முடியும் ஊர்ப்பெயர்கள் எண்ணிலவாக உள்ளன. அவற்றுள் இரண்டனை ஈண்டு ஒருங்கு வைத்து நோக்கக் கருதுகின்றோம். ஒன்று, திருவாரூரிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில், வெண்ணாற்றுப் பாசனத்தைச் சார்ந்த நெல்வயல்களினிடையே அமைந்த கூத்தாநல்லூர். மற்றொன்று, சென்னைக்குத் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையில் அமைந்த சோழிங்கநல்லூர். முன்னது நம் மாணாக்கருள் பலரும் நன்கறிந்த ஊர். பின்னது, பட்டம் பெற்று வெளியேறும் நம்மவருள் பலர் பிழைப்பு நாடிச் செல்லும் ஊர். விடுமுறை முடிந்து இரவுப் பேருந்து ஏறும் இளைஞரை, “எங்கே பிரயாணம்?” என வினவின், “ஓ.எம்.ஆர்.” என்னும் மூன்றெழுத்தே விடையாக வருகின்றது. ஊரின் பெயரைச் சொல்வதில்லை. சாலையின் பெயரே ஊரின் பெயராகிவிட்டது. அச்சாலையின் நடுவே நிற்கும் ஊர் எங்ஙனம் எழுந்தது, எதனை உண்டு வளர்ந்தது, அதனைக் காவிரி நாட்டார் அறிந்துகொள்ள வேண்டுவது ஏன் என்பனவற்றை இயன்றவரை விளக்க முயல்வோம்.

கூத்தாநல்லூரின் வரலாற்றைச் சுருங்கவே கூறுவோம். நம்மவர் அறிந்ததாதலின் விரித்தல் வேண்டா. அவ்வூர் வீதிகளில் நடப்போர், சுற்றியுள்ள சிற்றூர்களில் காணாத அகன்ற மாளிகைகளைக் கண்டு வியப்பர். அவை குறுவையாலும் சம்பாவாலும் எழுந்தவையல்ல; கடலுக்கப்பாலிருந்து வந்த ஊதியத்தால் எழுந்தவை. ‘சபர்’ போதல் என்பது இப்பகுதி முஸ்லிம் பெருமக்களிடையே வழங்கும் சொல். போனவர் ‘சபராளி’ எனப்படுவர். மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வியாபாரத்தின் பொருட்டும் வேலையின் பொருட்டும் சென்ற தலைமுறையினர்க்கு நாகப்பட்டினமே துறைமுகம். 1926-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்னும் கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று இவ்வழியே ஓடிற்று. அதன்பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பற்றியதோடு அப்பிரயாணமும் முடிவுற்றது. பின்வந்தோர் ஆகாய விமானமேறி வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். ‘சின்ன சிங்கப்பூர்’ என்று அவ்வூர்க்கு வழங்கும் செல்லப்பெயரின் காரணம் இதுவே. ஆள் அக்கரையில், வீடு இக்கரையில், இரண்டுக்குமிடையே கடிதமும் பணமும் என்பது அவ்வூரின் வாழ்க்கைமுறையாக இருந்தது. இம்முறையில் பிரிவுத் துன்பம் மிகுதியாயினும், ஈட்டிய பொருள் பிறந்த ஊருக்கே திரும்பிற்று என்பதனை மறத்தலாகாது.

சோழிங்கநல்லூரில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே ஆள் வேலையைத் தேடிக் கடல் கடக்கவில்லை. வேலையே கடல் கடந்து வந்தது. இஃது எங்ஙனம் இயலும் என்று ஐயுறுவார்க்குச் சிறிது விளக்குவோம். அமெரிக்க தேசத்தில் ஒரு வங்கி உளதெனக் கொள்க. அதன் வாடிக்கைக்காரரின் வரவு செலவு யாவும் கணிப்பொறிகளில் பதியப்பெற்றுள்ளன. அக்கணிப்பொறிகளை இயக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள் எனப்படுவது. அது கட்டடம் போன்றதன்று, ஒருமுறை கட்டிவிட்டு ஓய்ந்திருப்பதற்கு. நம் ஊர் ஆற்றங்கரை போன்றது. ஆண்டுதோறும் உடைப்பு அடைக்க வேண்டும், மதகு மாற்ற வேண்டும், புதுக் கிளை வெட்ட வேண்டும். அவ்வேலையைச் செய்வோன் வங்கியின் அருகில் இருக்கவேண்டும் என்பதில்லை. செய்தி ஓடும் கம்பி ஒன்று இருப்பின் எங்கிருந்தும் செய்யலாம். அன்றியும், 1990-களின் பிற்பகுதியில், ஆண்டினை ஈரிலக்கத்தால் மட்டும் குறித்து வந்த பழைய மென்பொருள்கள் 2000-ஆம் ஆண்டு பிறந்தவுடன் அதனை 1900 என மயங்கும் என்று உலகெங்கும் அச்சம் எழுந்தது. கோடிக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தப் பொறுமையும் ஆங்கிலமும் கணக்கறிவும் உடைய பலர் வேண்டியிருந்தனர். நம் நாட்டுக் கம்பெனிகள் அவ்வேலையைக் குறைந்த கூலிக்கு ஏற்றன. அச்சம் நீங்கிய பின்னரும், பழகிய கையை விட மேனாட்டார் விரும்பவில்லை.

கம்பி என்றோம். இந்திய அரசாங்கத்தார் 1991-இல் மென்பொருள் பூங்கா நிறுவனத்தை அமைத்தபோது, செய்தி பெரும்பாலும் விண்கோள் வழியே சென்றது. பின்னர்க் கடலடியில் கண்ணாடியிழைக் கம்பிகள் இடப்பெற்றன. 2002-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பி ஒன்று இயங்கத் தொடங்கிற்று. 2004-இல் அதே இரு நகரங்களுக்கிடையே இரண்டாவது கம்பியும் வந்தது. நாகப்பட்டினத்து மூட்டை முடிச்சுகளோடு சபராளிகள் ஆறேழு நாள் அலைபட்டுக் கடந்த அதே வங்கக் கடலின் அடியில், இமைப்பொழுதில் ஒரு வேலை சென்று திரும்பலாயிற்று. கூத்தாநல்லூர்க் கதைக்கும் சோழிங்கநல்லூர்க் கதைக்கும் இடையே சிங்கப்பூர் இங்ஙனம் இருமுறை தோன்றுதல் எமக்கு வியப்பளிக்கின்றது.

இனி, அவ்வேலை வந்து இறங்கிய நிலத்தைக் காண்போம். கிழக்கே வங்கக் கடலும் மணற்றிடரும். அதற்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கும் மேற்கே சாலை. சாலையை அடுத்து வயலும் ஏரியும். வடமேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. இதுவே பழைய சோழிங்கநல்லூர்ப் பகுதியின் கிடக்கை. கால்வாயின் முதற்பகுதி 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பெற்றது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தின்போது, பசித்தவர்க்கு வேலை தரும் பொருட்டு நகரினூடே இணைப்புப் பகுதி வெட்டப்பெற்று, அக்காலத்துக் கவர்னரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. விறகும் உப்பும் அதன் வழியே தோணிகளிற் சென்றன. தெற்கே கேளம்பாக்கத்தில் உப்பளங்கள் இருந்தன. மீனவர் குப்பங்கள், சவுக்குத் தோப்புகள், பனைகள், ஏரிப்பாசன நெல் ஆகியவையே அப்பகுதியின் செல்வம். மாமல்லபுரம் செல்வோர் இவ்வூரைக் கடந்து சென்றனரேயன்றி இங்கு இறங்கினாரில்லை.

மாறுதல் தரமணியில் தொடங்கிற்று. தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 1997-இல் தகவல் தொழில்நுட்பத்துக்கெனத் தனிக்கொள்கை வகுத்தனர். 2000-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் தரமணியில் டைடல் பூங்கா என்னும் பெருங்கட்டடத்தைப் பிரதமர் வாஜ்பாயி திறந்து வைத்தார். 12 லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட பரப்பு ஒரே கூரையின் கீழ்! அது நிரம்பியவுடன் கம்பெனிகள் தெற்கு நோக்கி நகர்ந்தன. ஏன் தெற்கு என வினவலாம். நகரின் நடுவே நிலம் விலைமிகுந்தது. மேற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மோட்டார்த் தொழிற்சாலைகள் இடம்பிடித்திருந்தன. தெற்கே ஒரே பரப்பாகப் பல ஏக்கர் கிடைத்தது. விமான நிலையமும் கிண்டிப் பொறியியற் கல்லூரியும் ஐ.ஐ.டி.யும் தொலைவிலில்லை. துரைப்பாக்கத்தில் காக்னிசன்ட், சோழிங்கநல்லூரில் இன்போசிஸ், அங்கேயே எல்காட்டின் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் விப்ரோ, எச்.சி.எல். முதலியவை, சிறுசேரியில் சிப்காட் பூங்காவும் அதனுள் 70 ஏக்கரில் டி.சி.எஸ். கம்பெனியின் வளாகமும் எழுந்தன. மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர்ச் சாலை ஆறு தடங்களாக அகலப்படுத்தப்பெற்று 2008-இல் ராஜீவ் காந்தி சாலை என்னும் பெயரோடு திறக்கப்பெற்றது. சாலைக்குச் சுங்கமும் தண்டினர். அது 2021-இலும் 2023-இலும் படிப்படியாக நீக்கப்பெற்றது. 2011-ஆம் ஆண்டில் சோழிங்கநல்லூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்து அதன் பதினைந்தாம் மண்டலமாயிற்று. 2021-ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே மிகுதியான வாக்காளரைக் கொண்ட சட்டசபைத் தொகுதி இதுவே. ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்தது இது.

அங்குச் சென்று காண்போர்க்கு முதலில் புலப்படுவது காலத்தின் குழப்பமாகும். அமெரிக்காவின் பகல் நமக்கு இரவாதலின், அந்நாட்டாருக்கு வேலை செய்வோர் பலர் அந்தியில் புறப்பட்டு விடியலில் திரும்புகின்றனர். நள்ளிரவில் தேநீர்க் கடையில் கூட்டம் நிற்கும். கம்பெனி வண்டிகள் வரிசையாக ஓடும். காலை எட்டு மணிக்குச் சன்னலில் கறுப்புத் திரையிட்டுத் துயில்வோர் உளர். நாற்று நடவும் களையெடுப்பும் ஞாயிற்றை ஒட்டி நிகழ்வதைப் பார்த்துப் பழகிய நம் பக்கத்துப் பெற்றோர்க்கு இது விளங்குவதேயில்லை. “பிள்ளை இராக்காவல் வேலைக்கா போனான்?” என்று ஒரு முதியவர் வினவக் கேட்டிருக்கின்றோம்.

ஆயினும் இவ்வூரால் விளைந்த நன்மையைக் குறைத்துக் கூறுதல் நேர்மையன்று. குத்தகைக்கு உழுதவர் மகளும் ரேஷன் கடையில் எடை போட்டவர் மகனும், யாருடைய சிபாரிசும் இன்றி ஒரு தேர்வும் ஒரு நேர்காணலும் கொண்டு மாதச் சம்பளக்காரராயினர். பெண்மக்கள் தனியே விடுதியில் தங்கிப் பொருளீட்டுவதை நம் ஊர்கள் ஒப்புக்கொண்டது இச்சாலையாலேயே. கூத்தாநல்லூர்ச் சபர் ஆண்மக்களுக்கே உரியதாயிருந்தது. இச்சபர் இருபாலார்க்கும் உரியது. இவ்வேறுபாடு சிறியதன்று. ஆனால் மற்றொரு வேறுபாடும் உண்டு. சபராளி ஊரில் வீடு கட்டினான், ஓ.எம்.ஆர். செல்வோனோ வங்கியிற் கடன் பெற்று அங்கேயே அடுக்குமாடியில் ஓர் இல்லம் வாங்குகின்றான். சிலர் அதற்கு முன்பணமாக ஊரில் உள்ள வயலையே விற்கின்றனர். பொருள் ஓடும் திசை திரும்பிவிட்டது.

இச்சாலையின் ஓரத்தில், மாணாக்கர் பலர் அறியாத இன்னோர் ஊர் உளது. அது கண்ணகி நகர். சென்னையின் ஆற்றங்கரைகளிலும் நடுநகர்க் குடிசைப் பகுதிகளிலும் வாழ்ந்தவரை அகற்றி, 2000-ஆம் ஆண்டு முதல் துரைப்பாக்கத்தின் பக்கத்தில் குடியேற்றினர். 15,000-க்கு மேற்பட்ட குடும்பங்கள் அங்கு வந்தன. சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரியிலும், அதன் பின்னர்ப் பெரும்பாக்கத்திலும் இத்தகைய குடியிருப்புகள் எழுந்தன. பழைய இடத்தில் வீட்டு வேலையும் சுமை வேலையும் செய்து பிழைத்தவர், பல கல் தொலைவிற்கு அப்பால் வந்தவுடன் வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் இழந்தனர். காலப்போக்கில் அவருட் பலர் பளிங்குக் கட்டடங்களின் தரையைத் துடைப்பவராகவும், வாயிலில் காவல் நிற்பவராகவும், வண்டியோட்டிகளாகவும் ஆயினர். மென்பொருள் எழுதுவோனும் அவன் மேசையைத் துடைப்பவளும் ஒரே நாளில் ஒரே கட்டடத்துள் நுழைகின்றனர். ஒருவர் ஊதியம் மற்றவர் ஊதியத்தினும் பன்மடங்கு. இதனைக் கூறாது அந்நகரின் உயரத்தை மட்டும் புகழ்வோர் பாதிப் படத்தையே காட்டுவோராவர்.

நிற்க. காவிரி நாட்டார் ஒரு புதிய ஊருக்குச் சென்றால் கேட்கும் முதற்கேள்வி ஒன்றுண்டு: “தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வடிகிறது?” நம் பக்கத்தில் ஒவ்வொரு வயலுக்கும் தலைமாட்டில் பாசன வாய்க்காலும் கால்மாட்டில் வடிகாலும் உண்டு. ஒன்று அடைபட்டால் பயிர் கருகும். மற்றொன்று அடைபட்டால் பயிர் அழுகும். இக்கேள்வியைச் சோழிங்கநல்லூரிடத்துக் கேட்பின் கிடைக்கும் விடைதான் இக்கட்டுரையை யாம் எழுதியதற்குக் காரணம்.

முதலில் வடிகாலைக் காண்போம். தென்சென்னையில் உள்ள பல ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் வந்து சேர்கின்றது. அஃது ஒரு பெரிய பஞ்சு போன்றது. மழைநீரை உறிஞ்சி வைத்து, ஒக்கியம் மடுவு என்னும் குறுகிய வாயில் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் மெல்ல விடுகின்றது. அங்கிருந்து தெற்கே முட்டுக்காட்டுக் கழிமுகம் சென்று நீர் கடலையடைகின்றது. அச்சதுப்பு ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததென மதிப்பிடுவர். அதனை ‘வெற்று நிலம்’ எனக் கருதிய காலத்தில், சாலைகளும் ஆராய்ச்சி நிலையங்களும் குடியிருப்புகளும் கம்பெனிகளும் அதன்மேல் ஏறின. பெருங்குடியில் நகரத்துக் குப்பையெல்லாம் அதனுள்ளேயே கொட்டப்பெற்றது. 2007-இல் ஒரு பகுதி காப்புக் காடாக அறிவிக்கப்பெற்றது. 2022-ஆம் ஆண்டில் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. பூநாரையும் கூழைக்கடாவும் இன்றும் அங்கு வருகின்றன. எஞ்சியதைக் காத்தமைக்காக மகிழலாம். ஆனால் பஞ்சினை வெட்டிக் குறைத்துவிட்டு, பழைய அளவு நீரையே அது தாங்கவேண்டும் என எதிர்பார்த்தல் இயலாது. 2015 டிசம்பரில் பெருமழை பெய்தபோது இச்சாலை நெடுகிலும் கம்பெனிகள் மூடப்பெற்றன; வேலை தடைபடாதிருக்க ஊழியரைப் பெங்களூருக்கு அனுப்பிய கம்பெனிகளும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், துரைப்பாக்கம் பக்கங்களில் நீர் நாட்கணக்கில் வடியாது நின்றது. படகுகளில் மக்களை மீட்டனர். வடிகாலின் குறுக்கே மேடு போட்டால் மேல்வயல் மூழ்கும் என்பது நம் ஊர்ச் சிறுவனும் அறிந்தது. கோடிக்கணக்கான வரிகளில் ஒரு பிழையைத் தேடிக் கண்டுபிடிக்க வல்லவர், தம் கட்டடம் நிற்கும் நிலத்தின் சரிவை வினவாமற்போனது எமக்குப் புதிராகவே உள்ளது.

இனி வரத்தைக் காண்போம். இத்துணை நீர் தேங்கும் இடத்தில் குடிக்க நீரில்லை! கடலோர நிலமாதலின் மணலடியில் உள்ள நன்னீர்ப் படலம் மெல்லியது. மிகுதியாக இறைத்தால் உவர்நீர் உட்புகும். மாநகராட்சியோடு இணைந்த பின்னரும் பல்லாண்டுகள் இப்பகுதியிற் பல இடங்களுக்குக் குழாய்நீர் முழுமையாக வரவில்லை. ஆதலின் அடுக்குமாடிகளும் கம்பெனிகளும் தண்ணீர் லாரிகளையே நம்பின. அந்நீர் எங்கிருந்து வந்தது? சுற்றியுள்ள சிற்றூர்களின் வயற்கிணறுகளிலிருந்து. நெல் விளைத்துப் பெறும் வருவாயினும் கிணற்று நீரை லாரிக்கு விற்றுப் பெறும் வருவாய் மிகுதியென்று கண்ட உடையவர் சிலர் உழவை நிறுத்தினர். பக்கத்து நிலத்தாரின் கிணறு வற்றிற்று. அவரும் உழவை விட்டனர். நிலம் தரிசானவுடன் மனைத்தரகர் வந்தார். ஒரு நகரம் தன் எல்லைக்கு அப்பாலுள்ள வயலை உண்ணும் முறை இதுவே. அதற்கு அரசாணையும் வேண்டாம், தடியடியும் வேண்டாம். ஒரு மோட்டாரும் ஒரு குழாயும் போதும்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீரூட்டும் நான்கு ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இச்சாலைக் கம்பெனிகள் சில, கழிவறைக்கு நீரில்லை என்று ஊழியரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் சுமந்து இரயில்வண்டி ஒன்று சென்னை வந்தது. அந்நீர் மேட்டூரிலிருந்து குழாய்வழி வந்த காவிரி நீர். அதே ஜூலையில் நம் வயல்கள் வெடித்துக் கிடந்தன. வழக்கமாக ஜூன் 12-இல் பாசனத்துக்குத் திறக்கப்பெறும் மேட்டூர் அணை அவ்வாண்டு ஆகஸ்டு 13-இல்தான் திறக்கப்பெற்றது. இதனைக் கேட்டு, “எம் நீரைப் பட்டணத்தார் பறித்தனர்” என்று வெகுண்டவர் இங்கே உண்டு. கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வெகுளிக்கு அளவில் இடமில்லை. அவ்விரயில் சுமந்த நீர் ஏறத்தாழ 88,000 கன அடி. நொடிக்கு ஆயிரம் கன அடி ஓடும் ஆற்றில் அது ஒன்றரை நிமிஷத்துக்கும் குறைந்த ஓட்டமே. 2004 முதல் கொள்ளிடக் கீழணை நீரால் நிரம்பும் வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் குழாய்வழிச் சென்னைக்குச் செல்லும் நீர், முழு அளவில் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். அஃது நொடிக்கு 74 கன அடியளவே. குறுவை கருகியது அதனாலன்று. யாம் சுட்ட விரும்புவது வேறு. ஆண்டுதோறும் வெள்ளத்தில் மூழ்கும் ஒரு நகரம், அடுத்த கோடையில் இருநூறு கல் தொலைவிலுள்ள ஆற்றை இரயிலேற்றி வரவழைக்க நேர்ந்தது. மழை குறைவாதல் ஒரு காரணம்; பெய்த மழையைத் தேக்கிவைக்க இருந்த ஏரியும் சதுப்பும் மனைகளானமை மற்றொன்று. இப்பொழுது கோவளத்துக்குத் தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இரண்டு உள. 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டரும் 2024-இல் மேலும் 15 கோடி லிட்டரும் தரும் ஆற்றலோடு அவை திறக்கப்பெற்றன. நீர் கிடைக்கின்றது, ஆனால் ஒவ்வொரு குடத்துக்கும் மின்சாரம் செலவாகின்றது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய தவறென்று எண்ணற்க. கணிப்பொறித் தொழிலின் தாயகமான கலிபோர்னியாவின் சான்டா கிளாரா பள்ளத்தாக்கு, முன்னாளில் பிளம், ஆப்ரிகாட் மரங்கள் பூத்துக் குலுங்கிய தோட்ட நாடு. 1951-இல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை தன் நிலத்தில் தொழிற்பூங்கா அமைத்தது. பின் இருபது ஆண்டுகளில் தோட்டங்கள் மறைந்து ‘சிலிக்கான் பள்ளத்தாக்கு’ என்னும் பெயர் தோன்றிற்று. தோட்டக்காரரும் நகரத்தாரும் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தமையால், சான் ஹோசே நகரின் தரை 1969-க்குள் சில இடங்களில் ஏறத்தாழ 13 அடி தாழ்ந்தது. ஆயினும் அவர்கள் அணை கட்டி, ஊறல் குளங்கள் வெட்டி, வெளியிலிருந்து நீர் கொணர்ந்து அத்தாழ்வை நிறுத்தினர். 1980-களில் சில்லுத் தொழிற்சாலைகளிலிருந்து கசிந்த இரசாயனம் கிணறுகளிற் கலந்தமை வெளிப்பட்டபோது, புகைபோக்கி இல்லாத தொழில் தூயது என்னும் நம்பிக்கையும் அங்கே தளர்ந்தது. நம் பக்கத்தில் சில்லு செய்வதில்லை, எழுதுவதே செய்கின்றோம். ஆதலின் அவ்விடர் குறைவு. நிலமும் நீருமே நமக்குள்ள வழக்கு.

இதனை இத்துணை விரித்தது, சென்னைக்குப் புத்தி கூறும் பொருட்டன்று. 2020-ஆம் ஆண்டுத் தொற்றுக் காலத்தில் கம்பெனிகள் கதவடைத்தபோது, விடுதிகளைக் காலிசெய்து இளைஞர் ஊர் திரும்பினர். கூத்தாநல்லூர் போன்ற ஊர்களின் வீட்டுக் கூடங்களிலும் மாடியறைகளிலும் அமர்ந்து அதே வேலையைச் செய்தனர். சாலையும் பளிங்கும் வேலைக்கு இன்றியமையாதன அல்ல, கம்பியும் மின்சாரமும் போதும் என்பது அப்பொழுது யாவர்க்கும் தெரிந்துவிட்டது. அதன் பயனாகவோ பிறிதாகவோ, அரசாங்கத்தார் சிறு நகரங்களில் ‘நியோ டைடல்’ பூங்காக்களை அமைக்கத் தொடங்கினர். 2024 செப்டம்பர் 23-ஆம் நாள் தஞ்சாவூரிலும் ஒன்று திறக்கப்பெற்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 55,000 சதுர அடி. தரமணிக் கட்டடத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. தரமணியும் முதலில் ஒரே கட்டடமாகத்தான் இருந்தது.

வேலை இங்கு வருவதை யாம் மனமார விரும்புகின்றோம். மகனும் மகளும் உள்ளூரிலிருந்தே பொருளீட்டுவராயின் அதனினும் மகிழ்ச்சி யாது? ஆனால் இந்நாடு தாழ்ந்த சமநிலம். பள்ளிக்கரணை போன்றே நீர் மெல்ல வடியும் நிலம். 2020 பிப்ரவரியில் இயற்றப்பெற்ற பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முதலிய பகுதிகளில் உருக்காலை, தோல் பதனிடும் தொழில், எண்ணெய் எடுத்தல் போன்றவற்றைப் புதிதாகத் தொடங்கலாகாது என்று தடுக்கின்றது. மென்பொருள் அலுவலகத்தை அது தடுக்கவில்லை, தடுக்க வேண்டுவதுமில்லை. வயலை உண்பது அலுவலகமன்று. அதனைச் சுற்றி எழும் மனைப்பிரிவு. தஞ்சை நகரின் பக்கங்களில், வடவாற்றுக்கும் 1934-இல் முடிவுற்ற கல்லணைக் கால்வாய்க்கும் அருகே, கல் நட்டு வண்ணக் கொடி கட்டிய மனைகளை இன்றே காணலாம். மண் கொட்டி உயர்த்திய அம்மனைகளின் அடியில் எத்தனை கிளைவாய்க்கால்கள் புதைந்துள்ளன என்பதனை அடுத்த ஐப்பசி அடைமழையே கூறும்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் வருவாய்த்துறையிலும் பொதுப்பணித்துறையிலும் உள்ளோர் சிலர். மனை வாங்குவோர் பலர். ஒவ்வொரு கிராமத்துக்கும் உள்ள ‘அ’ பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கும் வடிகாலும் தனிச் சர்வே எண்ணோடு குறிக்கப்பெற்றிருக்கும். புலப்படத்தில் அவற்றின் போக்கும் அகலமும் இருக்கும். தரகர் தரும் அச்சிட்ட படத்தில் அவை பெரும்பாலும் இரா. இரண்டனையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்ப்பதற்குத் தாலுகா ஆபீசில் ஒரு முற்பகல் போதும்.